சி டிரைவை அடைக்கும் பழைய விண்டோஸ்

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியதும் சி டிரைவில் இடம் குறைந்துவிட்டதா? அங்கே 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற போல்டர் இருக்கும். பழைய சிஸ்டம் பைல்கள் அதில்தான் உள்ளன. 10 ஜிபிக்கு மேல் இருப்பது சாதாரணம். டெலீட் கீயை அழுத்தினால் அனுமதி இல்லை என்று செய்தி வரும். அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம்.

ஸ்டார்ட் மெனுவில் 'டிஸ்க் கிளீன்அப்' என டைப் செய்து இயக்கி, சி டிரைவைத் தேர்ந்தெடுக்கவும். 'கிளீன் அப் சிஸ்டம் பைல்ஸ்' பட்டனில் கிளிக் செய்திடவும். (இதைச் செய்யாவிட்டால் நமக்கு வேண்டிய வரியே தெரியாது.) பின் 'பிரிவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' எதிரே டிக் செய்து ஓகே தரவும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். புதிய விண்டோஸில் பிரிண்டர் இயங்க மறுத்தால், 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்ப இந்த போல்டர் தேவை. அதன் பின் பொதுவாக விண்டோஸே அதை நீக்கிவிடும். நீக்கும் முன் உள்ளே 'யூசர்ஸ்' போல்டரில் உங்கள் போட்டோக்கள் தங்கியுள்ளனவா எனப் பார்த்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னில் இவை கிடைக்காது.