தேடுவதற்கும் ஒத்திகை வேண்டும்

ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள ஒமுத்தா, மீகே நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்த நகரம். 1997-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அது முதியோர் மிகுந்த ஊர். அங்கு 2004-இல் ஒரு விந்தையான ஒத்திகை தொடங்கியது. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்டவராக நடிக்கும் ஒருவர் தெருக்களில் நடந்து செல்வார். அவருடைய வயது, உடை, தோற்றம் பற்றிய விவரங்கள், பதிவு செய்துகொண்ட மக்களின் கைப்பேசிக்கு வரும். அவரைக் காண்பவர் அருகே சென்று பேச்சுக் கொடுக்க வேண்டும். பின்னாலிருந்து அழைத்தால் மிரண்டுவிடுவார். எதிரே வந்து, நிதானமாக, ஒருவர் மட்டும் பேச வேண்டும்.

ஒத்திகையின் பெயரில் முதலில் 'இலக்கின்றித் திரிதல்' என்று பொருள்படும் சொல் இருந்தது. 2015-இல் அதை நீக்கிவிட்டார்கள். பழைய வீட்டையோ, என்றோ விட்ட வேலையையோ தேடிப் புறப்படுபவருக்கு இலக்கு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதற்கு முன்னோடி, ஹொக்கைடோவின் குஷிரோ நகரில் 1994-இல் உருவான வலைப்பின்னல். குடும்பத்தினர் காவல் துறைக்குத் தெரிவித்தால், அங்கிருந்து டாக்சி நிறுவனங்களுக்கும் உள்ளூர் வானொலிக்கும் செய்தி போகும். அதாவது, எப்படியும் தெருவில் இருப்பவர்களின் கண்களைக் காவல் துறை இரவல் வாங்கிக்கொள்கிறது. மறதிநோயால் காணாமற்போனோர் குறித்து ஜப்பான் காவல் துறைக்கு 2023-இல் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பெரும்பாலோர் ஓரிரு நாள்களில் கிடைத்துவிடுகின்றனர். தாமதமானால் குளிரும் நீர்நிலைகளும் முந்திக்கொள்கின்றன.

அமெரிக்காவின் 'ஆம்பர் அலர்ட்' வேறு வகை. 1996-இல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிறந்த இந்த ஏற்பாடு, 2013 முதல் கைப்பேசிகளில் தானாகவே ஒலிக்கிறது. ஆனால், காணாமற்போகும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது ஒலிப்பதில்லை. 17 வயதோ அதற்குக் குறைவோ உடையவராக இருக்க வேண்டும். கடத்தல் என்று நம்பக் காரணமும், உயிருக்கு ஆபத்தும், அடையாளம் காணப் போதிய விவரமும் வேண்டும். பெற்றோருக்கு இது கொடுமையாகத் தோன்றும். பொருளியல் கற்பித்த எனக்கோ, இது மேய்ச்சல் நிலக் கணக்கு. பொதுமக்களின் கவனம் ஊருக்குப் பொதுவான புல்வெளி. தேவையற்ற ஒவ்வோர் எச்சரிக்கையும் அதில் ஒரு பிடியை மேய்ந்துவிடுகிறது. பிறகு, உண்மையான ஆபத்தின்போது ஒலிக்கும் கைப்பேசியை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் அந்தப் புல்வெளி என்றோ கட்டாந்தரை ஆகிவிட்டது. 'காணவில்லை' என்ற படம், குழந்தை வீடு திரும்பிய பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதலில் அனுப்பியவர் யார் என்பதும் தெரிவதில்லை. இதன் கொடிய முகத்தையும் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயில் வழிபாட்டுக்காக வந்த சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். அங்கும் ஊர் விழிப்பாகத்தான் இருந்தது. செய்திக்குப் பொறுப்பேற்கக் காவல் நிலையம் இல்லை. அறிமுகமற்ற முதியவரை எப்படி அணுகுவது என்று எவரும் பழகியிருக்கவில்லை.

பெருந்திட்டம் எதுவும் இப்போது தேவையில்லை. ஒரே ஒரு காவல் நிலைய எல்லையில், ஆட்டோ ஓட்டுநர்கள், தேநீர்க் கடைக்காரர்கள், பேருந்து நடத்துநர்கள், கோயில் பணியாளர்கள் ஆகியோரைச் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையுடன் தொடங்கலாம். 'காணவில்லை' என்ற செய்தியை அந்த நிலையம் மட்டுமே அனுப்ப வேண்டும். 'கிடைத்துவிட்டார்' என்பதையும் அதுவே மறக்காமல் அனுப்ப வேண்டும்.