நேற்று கூடை, இன்று பெயர்ப் பட்டியல்



வேங்கிக்காலைச் சுற்றியுள்ள ஊர்களில் நூறு நாள் வேலையை அறியாத வீடு கிடையாது. ஏரிக்கரையிலோ வரத்துக் கால்வாயிலோ நேற்றுவரை நம்மோடு மண் சுமந்த ஒரு சகோதரி இன்று பணித்தளப் பொறுப்பாளர் ஆகிறார். பெயர்ப் பட்டியலும் கைப்பேசியும் கைக்கு வருகின்றன. எதிரில் நிற்பவர்களோ நாத்தனார், பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா. வெளியூரிலிருந்து வரும் அதிகாரிக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆலையில் மேற்பார்வையாளராக உயர்த்தப்படும் நம் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

முதல் சோதனை வருகைப் பதிவில் வரும். தனிநபர் பயனாளிகளுக்கான பணிகள் நீங்கலாக, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை ஒளிப்படத்துடன் வருகையைப் பதிய வேண்டும் என்றானது. "இன்னைக்கு வர முடியல, என் பேரை மட்டும் சேர்த்துடும்மா" என்று சொந்தக்காரர் கேட்பார். மறுத்தால், பதவி வந்ததும் தலைகால் தெரியவில்லை என்ற பேச்சு வரும். ஒப்புக்கொண்டால், வெயிலில் நிற்கும் மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எனவே யாரும் கேட்பதற்கு முன்பே, முதல் நாளிலேயே, எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட வேண்டும்: வந்தவர் பெயர் மட்டுமே ஏறும், என் வீட்டாருக்கும் அப்படித்தான். பிறகு ஒருவரிடம் மறுக்க நேர்ந்தாலும் அவர் அதைத் தனக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது அளவு. நம் பகுதியில் ஓரிடத்தில் மண் இளகும், பத்தடி தள்ளிப் பாறை தட்டும். வேண்டியவர்களுக்கே இளகிய இடம் போகிறது என்ற குறை ஒருமுறை எழுந்தால் எளிதில் அடங்காது. குழுக்களுக்கு இடத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதே வழி. முதியவர் பின்தங்கினால் கூட்டத்தில் அதட்டாமல் தனியே அழைத்து உடம்புக்கு என்னவென்று கேட்கலாம். முட்டிவலியைப் பலர் சோம்பலாகத்தான் பார்க்கிறோம்!

கப்பர்நாகும் ஊரின் நூற்றுவர் தலைவரை நினைத்துப் பாருங்கள். தமக்கு மேலும் அதிகாரிகள் உண்டு, கீழும் ஆள்கள் உண்டு என்று தம்மைப் பற்றிச் சொன்னவர், தம் பணியாளரின் நோய்க்காக ஆண்டவரைத் தேடி வந்தார். பொறுப்பாளரின் வேலையில் பாதி இப்படி மேலே உள்ளவர்களிடம் போய்க் கேட்பதுதான். கேட்பதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் பணித்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்றும் அது சொன்னது. பல தாய்மார்களுக்கு இது தெரியாது.

கூலி 15 நாட்களுக்குள் வர வேண்டும் என்று சொன்னதும் அதே சட்டம்தான். தாமதமானால் பணம் போடும் அதிகாரம் பொறுப்பாளருக்கு இல்லை. ஆனால் ஏச்சு அவருக்குத்தான் வரும். ஒளிந்துகொள்ளாமல் ஊராட்சிச் செயலரிடம் விசாரித்து, கிடைத்த பதிலை மறுநாளே சொல்லிவிட வேண்டும். "இன்னும் வரல, வெள்ளிக்கிழமை மறுபடி கேட்கிறேன்" என்பதும் பதில்தான். அதற்கும் வழி பிறக்கவில்லை என்றால், வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. வேலை அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, பொறுப்பாளரும் சேர்ந்தே போகலாம்.