ஊருக்குள் 30 கி.மீ. வேகம் போதும்

ஊர் நடுவே ஓடும் நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி மக்கள் மறியலில் உட்காருவது பெரும்பாலும் ஓர் உயிர் போன பிறகுதான். உடனே இரண்டு பேரிகார்டு வந்து நிற்கும். சில வாரங்களில் அவையும் ஓரமாக ஒதுங்கிவிடும்.

உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் 17,884 பேர் சாலையில் இறந்தார்கள். ஒரு காய்ச்சல் இத்தனை பேரைக் கொண்டுபோயிருந்தால் தெருத்தெருவாக முகாம் போட்டிருப்போம்.

பிரேக் பிடிக்கும் முன்பே

பள்ளி விட்டதும் ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடுகிறது. அதைப் பார்த்து ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால், அதே 14 மீட்டருக்குள் நின்றேவிடும். குழந்தை 14 மீட்டர் தூரத்தில் இருந்தால் ஒருவர் அதன் முன்னால் வண்டியை நிறுத்தியிருப்பார். மற்றவர் வேகம் துளியும் குறையாமல் வந்து மோதியிருப்பார். இருவருமே கவனமாக ஓட்டியவர்கள்தான்.

உடம்பு எவ்வளவு தாங்கும்?

கார் மோதும்போது பம்பர் முதலில் முழங்காலையோ கணைக்கால் எலும்பையோ உடைக்கிறது. உடல் தூக்கி எறியப்பட்டு, தலை முன்கண்ணாடியில் போய் அடிக்கிறது. சிறு குழந்தைக்கு அந்த முதல் அடியே இடுப்பிலும் வயிற்றிலும் விழும். வயதானவர்களுக்கு எலும்பு எளிதில் நொறுங்கும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் பட்ட சிறு அடிகூட மூளையில் ரத்தக்கசிவாக மாறலாம்.

வேகம் 30இலிருந்து 50 ஆனால் மோதலின் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. 50இலிருந்து 65 ஆனாலோ, நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு கூடுகிறது. பிழைத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொடை எலும்பு முறிந்த கூலித் தொழிலாளிக்கு மாதக்கணக்கில் வருமானம் இல்லை. தலைக்காயம் பட்டவருக்கு மறதியும் கோபமும் கூடிவிடுகின்றன. வீடே அவரைச் சுற்றி மாறிப்போகிறது.

நேரம் ஆகிவிடாதா?

ஊருக்குள் சாலை 2 கி.மீ. என்று வையுங்கள். 50இல் போனால் இரண்டரை நிமிடம், 30இல் போனால் நான்கு நிமிடம். ஒன்றரை நிமிடம்தான் வித்தியாசம்!

வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது ஏறக்குறைய 32 கி.மீ.க்குக் குறைத்தார்கள். எதிர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே அத்தகைய சாலைகளில் காயமடைந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ கால்வாசி குறைந்தது.

என்ன கேட்க வேண்டும்?

சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. வரம்பு வந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி, மக்கள் பாதுகாப்புக்காக எந்தச் சாலையிலும் வேக வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

பலகை மட்டும் நட்டால் போதாது. ராத்திரியோடு ராத்திரியாகப் போடும், வெள்ளைக்கோடுகூட இல்லாத வேகத்தடையும் வேண்டாம். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும் பெண்கள் தூக்கி எறியப்படுவது அங்கேதான். விதிப்படி அமைத்து வண்ணம் பூசிய வேகத்தடை, நடப்பவர் நின்று கடக்க நடுத்திட்டு, விளக்கு, கேமரா என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். பள்ளி, பேருந்து நிலையம், சந்தை எங்கெங்கே இருக்கின்றன, எந்த நேரத்தில் கூட்டம் என்று குறித்துப் படத்தோடு கொடுங்கள். இன்னோர் உயிர் போகும்வரை காத்திருக்காதீர்கள்.