மைக்கா பத்திரமும் எழுந்து நின்று கேட்டவர்களும்

சிம்பாங் அம்பாட், வால்டோர், பத்து காவான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மைக்கா ஹோல்டிங்ஸ் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மலேசிய இந்தியர் பொருளாதாரத்தை உயர்த்த 1980-களில் மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சி தொடங்கிய நிறுவனம். பால்மரம் வெட்டிச் சேர்த்த காசைப் போட்டவர்கள் உண்டு. தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. நாடெங்கும் 60,000-க்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். பங்குப் பத்திரம் பிறப்புப் பத்திரத்தோடு சேர்ந்து தகரப் பெட்டிக்குள் போனது.

எதிர்பார்த்த லாபம் வரவில்லை. 1990-இல் மைக்காவுக்கு ஒதுக்கப்பட்ட 10 மில்லியன் டெலிகோம் பங்குகளில் 1 மில்லியன்தான் வந்து சேர்ந்தது என்ற சர்ச்சை வெடித்தது. பொதுக்கூட்டங்களில் எழுந்து கணக்குக் கேட்டவர்களைக் குழப்பவாதிகள் என்றார்கள். கடைசியில் 2010-இல், 1 வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாக வேறொரு நிறுவனம் முன்வந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்தவருக்குப் போட்ட முதலே முழுசாகத் திரும்பவில்லை. அன்று கேள்வி கேட்டவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்படிப் பங்கை வாங்கிக்கொண்டு நிர்வாகத்தைத் தட்டிக் கேட்பவரைச் செயற்பாட்டு முதலீட்டாளர் என்கிறார்கள். அமெரிக்காவிலும் இவர்களுக்கு முதலில் கெட்ட பெயர்தான். 1985-இல் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தைக் கைப்பற்றிய கார்ல் ஐகானைக் கொள்ளைக்காரர் என்றே எழுதினார்கள். ஆனால் 2021-இல் எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறு நிதி நிறுவனம் எக்ஸான் மோபில் இயக்குநர் குழுவில் 3 இடங்களைப் பிடித்தபோது பலர் கைதட்டினார்கள். எல்லாரும் நல்லவர்கள் அல்லர். விலையை ஏற்றிவிட்டு விற்றுப் போகிறவர்களும் உண்டு.

மலேசியாவில் திருப்பம் 1997-இல் வந்தது. யுஇஎம் நிறுவனம் தன் தாய் நிறுவனமான ரெனோங்கின் 32.6 விழுக்காட்டுப் பங்கை 2.34 பில்லியன் வெள்ளிக்கு வாங்கியபோது யுஇஎம்மின் சிறு பங்குதாரர்கள் கொதித்தார்கள். பங்குச் சந்தை சரிந்தது. இப்படிப்பட்டவர்களின் நலனைக் காக்க 2000-இல் சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு பிறந்தது. ஊழியர் சேமநிதி வாரியமும் அதைத் தொடங்கியவற்றில் ஒன்று. இன்று பத்து காவான் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளின் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியும் பங்குச் சந்தையில்தான் இருக்கிறது.

10 விழுக்காட்டுப் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்தால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். அழைப்புக் கடிதம் வந்தால் கணக்கறிக்கையைப் படியுங்கள். போக முடியாவிட்டால் பதிலாள் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். தகரப் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள்.