பதினான்கு நாள் தண்ணீர்

சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் எங்கள் அப்பா கட்டிய பம்பு செட் தொட்டி இருக்கிறது. 1984இல் கட்டியது. தொட்டியைச் சுற்றி நாலடி அகலத்துக்குக் கான்கிரீட் தளம். நாற்பது வருடமாக அதில் துணி துவைத்திருக்கிறார்கள், மாடு குளிப்பாட்டியிருக்கிறார்கள், மாங்காய்க் கூடைகளை இறக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் அதில் ஓடிவந்துதான் தொட்டிக்குள் குதிப்பார்கள், நானும் குதித்திருக்கிறேன். போன மாதம் போய்ப் பார்த்தேன். மேற்பரப்பு தேய்ந்து ஜல்லியின் முகம் அங்கங்கே தெரிகிறது. ஓர் இடத்தில்கூடத் தளம் இறங்கவில்லை, விரிசல் விடவில்லை.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு அதே வேலையைத்தான் செய்கிறேன். பம்பு செட் தொட்டிக்குப் பதிலாக இப்போது தோப்பு வீடுகளில் நீச்சல் குளம் கேட்கிறார்கள். குளத்தைச் சுற்றி வரும் தளத்துக்கு 'டெக்' என்று பெயர். எந்நேரமும் ஈரக்கால் படும் இடம், உச்சி வெயில் நேராக இறங்கும் இடம், குளோரின் தண்ணீர் தெறிக்கும் இடம். குளத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் டெக்கை மட்டும் கடைசி இரண்டு நாள் வேலையாக நினைக்கிறார்கள். இரண்டாவது கோடையிலேயே அது விரிந்துவிடுகிறது.

நான் போட்ட முதல் டெக் அதுவரைகூடத் தாங்கவில்லை. ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கும் காற்று எப்படி அடிக்கும் என்று ராஜபாளையம், சேத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை பதினோரு மணிக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்தேன். இரண்டு மணிக்கெல்லாம் மேலே மயிரிழை போலக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. அப்பா வந்து குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "காத்து குடிச்சிருச்சுய்யா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தளத்தை என் செலவில் உடைத்தெடுத்தேன்.

சிமெண்ட் காய்ந்து கெட்டிப்படுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். களிமண்தான் காய்ந்து கெட்டிப்படும். சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் கெட்டிப்படுகிறது. தண்ணீரோடு சேர்ந்து அது வேறொரு பொருளாக மாறும் வேலை பல நாள் நடக்கிறது. அதற்குள் ஈரம் போய்விட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். புதுக் கான்கிரீட்டின் மேலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவில் ஈரம் பறந்தாலே விரிசல் ஆபத்து என்பது பொதுக் கணக்கு. வெயிலைவிடக் காற்றுதான் இதில் பெரிய திருடன்.

முதலில் மண்

நம் வட்டாரத்தில் மண் இரண்டு சாதி. மலையோரம் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். அதன் மேல் நேராகத் தளம் போட்டால் எந்தச் சிமெண்டும் காப்பாற்றாது. இரண்டு மூன்று அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும்.

செம்மண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. குளம் கட்டுவதற்காகச் சுவருக்கு வெளியே இரண்டு மூன்று அடி அகலமாகத் தோண்டுகிறோம் அல்லவா, சுவர் எழுந்ததும் அந்தக் குழியை ஜேசிபி ஒரே தள்ளாகத் தள்ளி மூடிவிடும். டெக் உட்காரப் போவது அந்த இளமண்ணின் மேல்தான். ஆறு அங்குலம் மண், தண்ணீர், திமிசு. மறுபடி ஆறு அங்குலம். இப்படி அடுக்கடுக்காக ஏறி வர வேண்டும். குளத்தோரமாக டெக் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால், அங்கே அடுக்கைத் தவிர்த்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வாட்டம் மண்ணிலேயே வந்துவிட வேண்டும். பத்து அடிக்கு இரண்டு அங்குலம், குளத்துக்கு எதிர்ப்பக்கமாக. டெக்கில் விழும் தண்ணீர் திரும்பக் குளத்துக்குள் போகக் கூடாது. தளத்தில் தேங்கவும் கூடாது. தேங்கினால் ஐப்பசி அடைமழையில் பாசி பிடித்து வழுக்கும்.

கலவையில் கஞ்சத்தனம்

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு, மிதமான சூழலில், எம் 25 தரமும் சிமெண்டின் எடையில் பாதிக்கு மேற்படாத தண்ணீரும் என்கிறது இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456:2000. ஒரு மூட்டை 50 கிலோ. அப்படியானால் 25 லிட்டர். மழையில் நனைந்த மணலாக இருந்தால் மூட்டைக் கணக்கில் நாலு லிட்டர் அந்த மணலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதையும் கழிக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? கலவை மிஷினுக்குள் ஓஸை விட்டு, கலவை வழிந்து ஓடும்வரை தண்ணீர் பிடிக்கிறார்கள். இழுத்துப் பரப்ப எளிது. ஆனால் சிமெண்ட் குடித்தது போக மிஞ்சிய தண்ணீர் வெளியேறிய பிறகு உள்ளே நுண்ணிய துளைகள்தான் மிஞ்சும். குளோரின் தண்ணீர் அந்த வழியாகத்தான் கம்பியைத் தேடிப் போகும்.

நான் ஓஸை எடுத்துவிட்டேன். அளந்த வாளி மட்டும்தான். கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஆட்கள் சொன்னால் வைப்ரேட்டரைக் கொடுக்கிறேன். கிழக்கே போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், கலப்பதற்கு முன் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். கம்பி உள்ள கான்கிரீட்டில் சேரும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கம்பி வலையை மண்ணில் விரித்து மிதித்துக்கொண்டே கான்கிரீட் கொட்டுவதும் இங்கே வழக்கம். தரையோடு கிடக்கும் கம்பியால் மேலே வரும் விரிசலைப் பிடிக்க முடியாது. நாலு அங்குலத் தளத்தில் மேலிருந்து ஒன்றரை அங்குலத்தில் கம்பி நிற்க, அடியில் கவர் பிளாக் வைத்தே ஆக வேண்டும்.

விடிகாலை வேலை

கான்கிரீட் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களுக்கென்று ஐ.எஸ். 7861 தனியாகவே வழி சொல்கிறது: ஜல்லியை நிழலில் போடு, தண்ணீர் தெளித்துக் குளிர வை, வெயில் தாழ்ந்த நேரத்தில் வேலை செய். அப்பா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. தொட்டித் தளம் போடும் நாளில் மூன்று மணிக்குப் பெட்ரோமாக்ஸ் ஏற்றிவிடுவார். முந்தின சாயந்திரமே ஜல்லிக் குவியலை நனைத்துவைத்திருப்பார். ஏழரை மணி வெயில் தோப்புக்குள் நுழையும்போது தளத்தின் மேல் ஈரச் சாக்கு ஏறியிருக்கும். இப்போது நானும் நாலு மணிக்கு ஆரம்பிக்கிறேன். காற்று வரும் பக்கம் ஓலைத் தட்டி கட்டுகிறேன்.

மட்டப்பலகை இழுத்ததும் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அது தானாக மறையும்வரை கரண்டியைத் தொடக் கூடாது. அதன் மேல் வெறும் சிமெண்டைத் தூவி மினுமினுவென்று தேய்ப்பது பெரும் தப்பு. அந்தத் தோல் ஒரு வருடத்தில் உரியும். அதுவரை குழந்தைகள் வழுக்கி விழுவார்கள். மணியாசு கட்டையால் லேசாகத் தட்டிவிட்டு, வாட்டம் போகும் திசையில் விளக்குமாற்றை ஒரே சீராக இழுத்தால் போதும். அந்தச் சொரசொரப்புதான் ஈரக்காலைப் பிடிக்கும். சிவப்பு ஆக்சைடு வேண்டாம் என்று மன்றாடிச் சொல்கிறேன். இரண்டு மணி வெயிலில் வெறுங்காலோடு நிற்க வேண்டிய தளம் வெளிர் நிறமாக இருக்கட்டும்.

அடுத்தது இடைவெளி. ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்தின் படிகளைப் பாருங்கள். கல் கல்லாக அடுக்கியவை. ஒவ்வொரு கல்லுக்கும் அசைய இடம் இருக்கிறது. கான்கிரீட்டை நாம் ஒரே பாளமாக ஊற்றுகிறோம். 40 அடி நீளத் தளம், விடியலுக்கும் உச்சிவெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசத்தில் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். எட்டிலிருந்து பத்து அடிக்கு ஒரு கோடு, ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டிவிட வேண்டும், அதுவும் மறுநாள் விடிவதற்குள். நாம் கோடு போடாவிட்டால் தளம் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும். குளத்துச் சுவரும் டெக்கும் சந்திக்கும் இடத்தில் அரை அங்குலம் விட்டு, ரப்பர் போல இழுபடும் சீலன்டால் நிரப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் டெக் நீளும்போது குளத்து ஓரத்து டைல்ஸைத் தள்ளிப் பெயர்த்துவிடும்.

குடிக்கக் கொடுங்கள்

எங்கள் தாத்தா சுண்ணாம்புக் காரை வேலைக்காரர். செக்கில் அரைத்து, நாட்கணக்கில் நனைத்து, மெதுவாக இறுகவிடும் வேலை. ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இன்றைய ராம்கோ, 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கம் ராமசாமி ராஜா நகரில் ஆலையைத் திறந்தது. கொத்தனார்கள் சிமெண்டுக்கு மாறினார்கள். சிமெண்ட் மறுநாளே கெட்டியானது. அந்த அவசரம் நம் கையிலும் ஒட்டிக்கொண்டது.

இன்று கடையில் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்தான். தரத்தில் குறைவில்லை, நிதானமாகப் பலம் ஏறும், அதனால் கூடுதல் நாள் தண்ணீர் கேட்கும். சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாள், கலப்புச் சிமெண்டுக்கும் வெயில் காய்ச்சலுக்கும் பத்து நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 14 நாள் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு. காலையும் மாலையும் ஓஸைக் காட்டுவது போதாது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடந்தால் கேடுதான். டெக்கில் வாட்டம் இருப்பதால் பாத்தி கட்டினாலும் தண்ணீர் ஒரு பக்கமே நிற்கும். சணல் சாக்கு விரித்து, அது எந்நேரமும் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஓர் ஆள் வேண்டும். மண்ணுக்கு, ஜல்லிக்கு, கம்பிக்கு, கொத்தனாருக்கு எல்லாம் எஸ்டிமேட்டில் வரி இருக்கிறது; தண்ணீர் விடுகிறவருக்கு வரி கிடையாது. "வாட்ச்மேன் பாத்துக்கிடுவாரு" என்று விட்டுவிடுகிறார்கள். உடைத்தெடுத்த என் முதல் டெக்கை அதே தோப்பில் மறுபடி போட்டபோது, எஸ்டிமேட்டில் 'தண்ணீர் விட: ஓர் ஆள், 14 நாள்' என்று எழுதினேன். தோப்புக்காரர், "இதுக்குமா கூலி தம்பி?" என்றார். "இதுக்குத்தான் கூலி அண்ணாச்சி" என்றேன்.

அங்கேயே களையெடுக்கும் அக்கா ஒருவர் அந்த வேலைக்கு வந்தார். சாக்கின் ஓரம் வெளுக்கத் தொடங்கினாலே செம்போடு ஓடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னும் ஒரு சுற்று. பதினைந்தாம் நாள் காலையில் நான் போனபோது சாக்குகளை எடுத்து வேலியில் காயப்போட்டிருந்தார். தளம் ஒரே நிறமாக, பழுப்பு வெள்ளையில் கிடந்தது. குளத்தோரமாக நின்று ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். விளக்குமாற்றுக் கோடுகள் வழியே, வெட்டிய கோட்டைத் தாண்டி, எங்கும் நிற்காமல் போய் அது வாய்க்காலில் விழுந்தது. "போதுமா தம்பி?" என்றார். பதினான்கு நாள் கூலியையும் எண்ணி அவர் கையில் கொடுத்தேன்.