இரவில் பல் கடிக்கிறீர்களா? நைட் கார்ட் வாங்கும் முன் இதைக் கவனியுங்கள்

தூக்கத்தில் பல் கடிப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கோ, அடுத்த அறையில் தூங்கும் அம்மாவுக்கோதான் கேட்கிறது. காலையில் சொன்னால், “நானா? சும்மா சொல்லாதீங்க” என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சில ஆண்டுகள் கழித்து கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை உடைந்து நாக்கில் குத்தும்போதுதான் பல் கிளினிக் ஞாபகம் வருகிறது.

அங்கே பல் மருத்துவர் பெரும்பாலும் பரிந்துரைப்பது ‘நைட் கார்ட்’ எனப்படும் பல் கவசம். படுக்கும்போது மேல் வரிசையிலோ கீழ் வரிசையிலோ மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை அது. தனியார் கிளினிக்கில் செய்தால் சில நூறு ரிங்கிட் ஆகும். அதே பெயரில் இணையச் சந்தையில் சில பத்து ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் குடும்பத்தில் “இரண்டும் ஒன்றுதானே?” என்ற கேள்வி எழுவது நியாயம்தான். ஆனால், இரண்டும் ஒன்றல்ல.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நைட் கார்ட் பல் கடிப்பதை நிறுத்தும் மருந்து அல்ல. கடிப்பவர் கடித்துக்கொண்டுதான் இருப்பார். பல்லுக்குப் பதில் கவசம் தேயும், அவ்வளவுதான். விழித்திருக்கும்போது அவ்வளவு பலமாகக் கடித்தால் வலி நம்மைத் தடுத்துவிடும். தூக்கத்தில் அந்தத் தடுப்பு குறைந்துவிடுகிறது. பல்லின் மேலிருக்கும் எனாமல் ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளராது என்பதால்தான் கவசம் தேவைப்படுகிறது.

பல் வரிசை கோணலாக இருப்பதே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நினைத்தார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. தூக்கத்தின் நடுவே மூளைக்கு ஏற்படும் சிறு சிறு விழிப்புகளோடு தாடைத் தசை இறுகுவதாகத் தெரிய வந்துள்ளது. மன உளைச்சல், சிகரெட், மது, இரவு நேரக் காப்பி ஆகியவை அதைக் கூட்டுகின்றன. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் கூட்டலாம். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளை பல்லைக் கடித்தால் “வயிற்றில் பூச்சி” என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. பூச்சி மருந்து கொடுப்பதில் தவறில்லை. ஆனால், பல் கடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி இருப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் வளர வளர இந்தப் பழக்கம் குறைந்துவிடும். பால் பற்கள் விழுந்து, தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் பொதுவாகக் கவசமும் போடுவதில்லை.

எது யாருக்கு?

இணையத்தில் அதிகம் விற்பது வெந்நீரில் போட்டு, இளகியதும் வாயில் வைத்துக் கடித்து வடிவமைக்கும் வகை. லேசாகக் கடிப்பவர்களுக்கும், கிளினிக்கில் செய்த கவசம் கைக்கு வரும்வரை சில வாரம் சமாளிக்க வேண்டியவர்களுக்கும் இது உதவலாம். ஆனால், இது மென்மையானது. பலமாகக் கடிப்பவர் சில மாதங்களிலேயே ஓட்டை போட்டுவிடுவார். மென்மையான பொருள் வாயில் இருந்தால் சிலர் மெல்லும் பொருளைக் கடிப்பதுபோல இன்னும் அதிகமாகக் கடிப்பதும் உண்டு. காலையில் தாடை முன்பைவிட அதிகமாக வலித்தால், அந்தக் கவசம் அவருக்கு ஏற்றதில்லை என்று பொருள்.

கிளினிக்கில் பல்லுக்கு அச்செடுத்து, லேப்பில் செய்யும் கவசத்தில் முக்கியமானது கெட்டியான அக்ரிலிக் வகை. பல் தேய்மானம் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இருப்பவர்களுக்குப் பொதுவாக இதைத்தான் தருகிறார்கள். மருத்துவர் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி, எந்த இடத்தில் அதிகம் படுகிறதோ அதைத் தேய்த்துச் சமப்படுத்துவார். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு இந்த வேலைக்குத்தான், பிளாஸ்டிக்குக்கு அல்ல. கவசத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கிளினிக் பக்கமே போகாதவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். உள்ளே மென்மை, வெளியே கெட்டி என இரண்டையும் சேர்த்த வகையும் உண்டு. கெட்டியானது உறுத்துகிறது என்பவர்கள் அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

முன்பற்களை மட்டும் மூடும் சிறிய கவசத்தை, விலை குறைவு என்று தாமாக வாங்கி மாட்டக் கூடாது. பின்பற்கள் ஒன்றையொன்று தொடாமலே நீண்ட காலம் இருந்தால் கடி மாறிவிடும். தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. ஹாக்கி, ரக்பி ஆடுபவர்கள் மாட்டும் கவசமும் இதற்குச் சரிவராது. அது அடியைத் தாங்கச் செய்தது.

கழற்றி மாட்டும் செயற்கைப் பல் வைத்திருப்பவர்கள், ஆடும் பல் உள்ளவர்கள், பல் கம்பி போட்டிருப்பவர்கள் கடையில் வாங்குவதைத் தவிர்த்து நேராக மருத்துவரிடம் போவதே நல்லது. தேய்மானம் எல்லாமே பல் கடிப்பதால் வருவதும் இல்லை. கேஸ் பானம், அசாம் போய் போன்ற புளிப்பு, நெஞ்செரிச்சலோடு மேலே வரும் அமிலம் ஆகியவையும் எனாமலைக் கரைக்கும். பல ஆண்டுகளாக வெற்றிலை பாக்கு மென்றாலும் பல் தேயும். காரணம் அதுவாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்துக் கவசம் வாங்கினாலும் பல் தேய்ந்துகொண்டுதான் போகும்.

குறட்டையும் இருந்தால்?

பல் கடிப்பதோடு பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணைச் சொக்குவது ஆகியவை இருந்தால் அது தூக்க மூச்சுத் தடையாக இருக்கலாம். கவசம் வாங்கும் முன் மருத்துவரிடம் இதைச் சொல்வது அவசியம். மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு மேல் வரிசைக் கவசம் போட்டுப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், சிலருக்கு அந்தத் தடை அதிகமானது தெரிய வந்தது. கீழ்த் தாடையைச் சற்று முன்னே இழுத்துப் பிடிக்கும் வேறொரு கருவி அப்படிப்பட்டவர்களுக்கு உதவக்கூடும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரவு ஷிப்டில் லோரி, பஸ் ஓட்டும் நம்மவர்கள் பலர். அவர்கள் விஷயத்தில் இது பல்லோடு முடியும் பிரச்சினை அல்ல. “அவருக்குக் குறட்டை சத்தம் ரொம்ப ஜாஸ்தி” என்று வீட்டில் கேலி செய்வதற்குப் பதில், மனைவியும் கிளினிக்குக்குக் கூடப் போய், மூச்சு எப்போது நிற்கிறது என்று தாம் கண்டதைச் சொல்லலாம். அது மருத்துவருக்குப் பெரிய உதவி.

செலவுக்குத் தயங்குபவர்கள் முதலில் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டலாம். கட்டணம் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பல் மருத்துவப் பிரிவுகளும் இருக்கின்றன. அங்கே விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் மாணவர்களும் சிகிச்சை தருகிறார்கள். அழகு நிலையத்திலோ வீட்டிலோ பல்லுக்கு அச்செடுத்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் போக வேண்டாம். 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது குற்றம். ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கவசம் கைக்கு வந்த முதல் வாரம் எச்சில் அதிகம் ஊறும், பல் இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கும். அது பழகிவிடும். காலையில் கழற்றிய பிறகு நெடுநேரம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பழையபடி பொருந்தாவிட்டால் மட்டும் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். தினமும் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷால் கழுவி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்தால் போதும். சுடுதண்ணீர் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் வைத்தாலும் வடிவம் கெட்டுவிடும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்கவும். எச்சில் வாசனைக்கு நாய் அதைக் கடித்துவிடும். அடுத்த முறை பல் பரிசோதனைக்குப் போகும்போது கவசத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கம் அதிகம் கடிக்கிறீர்கள் என்பதை அதில் விழுந்திருக்கும் தடங்களைப் பார்த்தே மருத்துவர் சொல்லிவிடுவார்.