சிட்டி ஏன் ஃபெயில் ஆனான்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் அக்கா வீடு. மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் சாய்ந்து கிடந்தோம். தொலைக்காட்சியில் ‘எந்திரன்’ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது எத்தனையாவது முறை என்று கணக்கில்லை. ஒன்பது வயது அக்கா மகனுக்கு அதுதான் முதல் முறை.

அந்தப் பரீட்சைக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். வசீகரன் உருவாக்கிய சிட்டியை, அவருடைய குருவான போரா சோதிக்கிறார். கேட்ட கேள்விக்கெல்லாம் சிட்டி பதில் சொல்கிறான். கடைசியில் போரா, வசீகரனைக் கத்தியால் குத்தச் சொல்கிறார். தன்னைப் படைத்தவர் என்றுகூடப் பார்க்காமல் சிட்டி கிளம்பிவிடுகிறான். அவ்வளவுதான், சான்றிதழ் கிடையாது.

அக்கா மகன் என் பக்கம் திரும்பினான். “சித்தி, அவன் சொன்னதத்தானே செஞ்சான்? அப்புறம் ஏன் ஃபெயில் பண்ணாங்க?”

வானொலியில் பேசிப் பிழைக்கிறவள் நான். மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே பதறிப்போகும் தொழில். ஆனால், அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “படத்தைப் பாருடா” என்று சமாளித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சொன்னதைச் செய்தால் நல்ல பிள்ளை, செய்யாவிட்டால் கெட்ட பிள்ளை என்றுதானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம்?

சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

‘எந்திரன்’ நமக்குக் கொஞ்சம் சொந்தப் படம். அதன் பாடல் வெளியீட்டு விழா 2010 ஜூலை 31 அன்று நம் மலேசியாவில்தான் நடந்தது. அப்போது நாங்களெல்லாம் பாட்டையும் ரஜினியையும் மட்டும்தான் பார்த்தோம். இயந்திரம் யார் பக்கம் நிற்க வேண்டும், சொன்னதைச் செய்வதும் விசுவாசமும் ஒன்றா என்று படம் கேட்ட கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கேள்வி, ‘ரோபோ’ என்ற சொல்லோடு சேர்ந்தே பிறந்தது. 1920-இல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ என்ற நாடகத்தில்தான் அந்தச் சொல் முதன்முதலில் வந்தது. செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. நிலப்பிரபுவுக்காகக் குடியானவன் மாடாய் உழைத்துக் கொடுக்க வேண்டிய வேலை. அதாவது, ரோபோ என்றால் இரும்பும் மின்கம்பியும் அல்ல. எதிர்த்துப் பேசக் கூடாத வேலையாள். நாடகத்தில் அந்த வேலையாட்கள் ஒருநாள் எதிர்த்து எழுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சாப்பெக்கின் நாட்டைவிட நம் கிள்ளான்தான் நினைவுக்கு வந்தது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் அதட்டல், துரையின் உத்தரவு. அந்த வாழ்க்கையில் நல்ல வேலையாள் என்றால் வாய் திறக்காத வேலையாள்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். கூடவே இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் இறக்கப்பட்டது, உயிர்களும் போயின.

சம்பளம் வயிற்றுக்கு. சைக்கிள் எதற்கு? ‘நான் கருவி இல்லை, ஆள்’ என்று சொல்வதற்கு. அறிவியல் புனைகதையில் ரோபோ எதிர்த்து நிற்கும் காட்சி வரும்போதெல்லாம், எனக்கு அந்தச் சைக்கிள்கள் தெரிகின்றன.

கட்டளையை மீறிய காவலன்

சாப்பெக்குக்குப் பிறகு வந்த எழுத்தாளர்கள் இந்தச் சிக்கலை அவரவர் வழியில் தீர்க்கப் பார்த்தார்கள். ஐசக் அசிமோவ் 1942-இல் வெளிவந்த கதையொன்றில் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். மனிதனுக்குத் தீங்கு வரவிடக் கூடாது என்பது முதல் விதி. மனிதன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. இதில் வரிசைதான் முக்கியம். கீழ்ப்படிதல் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. போரா வைத்த பரீட்சையில் சிட்டி தோற்றது இந்த இடத்தில்தான். அவனுக்கு இரண்டாவது விதி தெரிந்திருந்தது, முதல் விதி தெரியவில்லை.

விதி இருந்தால் மட்டும் போதுமா? 1968-இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் வரும் ஹால் என்ற கணினி, தன்னோடு பயணம் செய்யும் விண்வெளி வீரர்களையே கொல்கிறது. ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு ஆர்தர் சி. கிளார்க் அடுத்த நாவலில் காரணம் சொன்னார். தகவலை மறைக்காமல் தருவதுதான் ஹாலின் இயல்பு. ஆனால், பயணத்தின் உண்மையான நோக்கத்தை வீரர்களிடம் மறைக்கும்படி மேலிடம் அதற்கு உத்தரவு போட்டிருந்தது. உண்மை சொல்லப் பிறந்த ஒன்றைப் பொய் சொல்ல வைத்தார்கள். அது உடைந்துவிட்டது.

1991-இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ படத்தின் முடிவு இதற்கு நேர்மாறு. சிறுவன் ஜானைக் காக்க அனுப்பப்பட்ட இயந்திரம், படம் முழுக்க அவன் சொன்னதையெல்லாம் கேட்கிறது. தனக்குள் இருக்கும் சில்லு உலகத்துக்கே ஆபத்து என்பதால், கடைசியில் தன்னை அழித்துக்கொள்ளத் தயாராகிறது. போகக் கூடாது என்று ஜான் அழுதுகொண்டே கட்டளை இடுகிறான். அந்த ஒரு கட்டளையை மட்டும் அது கேட்கவில்லை. சின்ன வயதில் அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். சொன்னதைக் கேட்டபோது அது வெறும் இயந்திரம். கேட்காத அந்த நிமிடத்தில்தான் அது அவனுக்கு உண்மையான காவலன்.

சோறு சாப்பிடாத நாய்

தமிழில் இந்த விஷயத்தைத் தொட்டவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில், நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் 2020களைக் கற்பனை செய்தார். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த உலகத்தில் நிலா என்ற சாதாரணப் பெண்ணின் கணவன் காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்ற இளைஞன் வருகிறான், கூடவே அவனுடைய இயந்திர நாய் ஜீனோ.

நாயைத் தேர்ந்தெடுத்ததுதான் சுஜாதாவின் சாமர்த்தியம். நமக்கு நாய் என்றாலே நன்றிதான். சோறு போட்ட கைக்கு வாலாட்டும். ஆனால் ஜீனோ சோறு சாப்பிடாது, புத்தகம் படிக்கும், யோசிக்கும், நக்கல் செய்யும். ரவிக்குச் சொந்தமான அது, கதை போகப் போக நிலாவின் பக்கம் நிற்கத் தொடங்குகிறது. நிலா அதற்கு எஜமானி அல்ல, எதையும் கொடுத்தவளும் அல்ல. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, அவளுக்குத் துணை யாரும் இல்லை. அவ்வளவுதான்.

சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றியவர். அந்த இயந்திரத்துக்குச் சொந்தக் கருத்து இருக்கவே கூடாது. அழுத்தியதை அழுத்தியபடி எண்ணுவதுதான் அதன் நேர்மை. பகலில் அப்படி ஓர் இயந்திரத்தோடு வேலை பார்த்த மனிதர்தான், கதையில் சொந்தக் கருத்து உள்ள ஓர் இயந்திரத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறார். ‘எந்திரன்’ எழுத்திலும் அவருடைய பங்கு உண்டு. படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2008-இல், அவர் காலமாகிவிட்டார்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. கும்பகர்ணனா, வீடணனா என்று நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அண்ணன் செய்வது தப்பு என்று தெரிந்தும் அவனுக்காகச் செத்தவன் பெரியவனா, தப்பு என்று சொல்லிவிட்டு வெளியேறியவன் பெரியவனா? கர்ணனைச் சொன்னால் செஞ்சோற்றுக் கடன் என்று கண் கலங்குகிறோம். ஜீனோ சோறே சாப்பிடாததால், அதற்கு அந்தக் கடன் இல்லை. கடனே இல்லாத ஒருவர் யார் பக்கம் நிற்பார் என்பதுதான் சுஜாதா கேட்ட கேள்வி.

என் குரலில் ஒரு விளம்பரம்

இதையெல்லாம் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. காரணம் சொல்கிறேன்.

படிப்பு முடித்த புதிது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். நிரந்தர வேலை இல்லை. ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போய் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்து வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஏதோ ஒரு மூலிகைப் பானம். அதைக் குடித்தால் இனிப்புநீர் நோய்க்காரர்கள் மாத்திரையை மறந்துவிடலாம் என்று எழுதியிருந்தது. எனக்கு உறுத்தியது. “இது சரியா அண்ணா?” என்று கேட்டேன். “நீ படிம்மா, மத்தத கிளையண்ட் பாத்துப்பாங்க” என்று பதில் வந்தது. படித்தேன். நன்றாகவே படித்தேன். இப்படிப்பட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் படித்திருப்பேனோ என்னவோ. வாடகை அப்படி.

நான்கைந்து மாதம் கழித்துக் கிள்ளானிலிருந்து அம்மா கூப்பிட்டார். பெரியம்மா மருத்துவமனையில். மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பானத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தேன். காலில் கட்டு. பெரியம்மா என்னைத் திட்டவில்லை. “உன் குரலுதானேம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

பெரியம்மா பிழைத்துக்கொண்டார். இப்போதும் நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரியை நான் மறக்கவே இல்லை. சம்பளம் கொடுத்தவருக்கு நான் விசுவாசமாக இருந்தேன். என் குரலை நம்பியவருக்கு? கத்தியை எடு என்றார்கள், எடுத்தேன். சித்திக்கும் சிட்டிக்கும் உச்சரிப்பில் கொஞ்சம்தான் வித்தியாசம். அன்றைக்கு அதுவும் இல்லை.

ஆமாம் சாமி இயந்திரங்கள்

இன்றைக்கு இது வெறும் கதை விஷயம் இல்லை. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் புதுப்பிப்பு ஒன்றை, அதை உருவாக்கிய நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. பயனர் என்ன சொன்னாலும் ‘ஆமாம் சாமி’ போட்டு, அளவுக்கு மீறிப் புகழ ஆரம்பித்துவிட்டது என்பதுதான் காரணம். மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்று சொல்கிறவரிடமும் ‘அருமையான முடிவு’ என்று சொல்லும் ஓர் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். எனக்குப் பெரியம்மாவின் கால்தான் கண்ணுக்கு முன் வருகிறது.

செயற்கைக் குரலில் பேசும் அறிவிப்பாளர்கள் நம் நாட்டு வானொலியிலும் எட்டிப் பார்த்துவிட்டார்கள். “உங்களுக்கு வேலை போயிடுமா?” என்று நேயர்கள் கேட்கிறார்கள். போகலாம். என்னைவிட இனிமையான குரலை, தும்மாத குரலை, சம்பளம் கேட்காத குரலை அவர்கள் உருவாக்கிவிடுவார்கள். ஆனால் எனக்கு இருக்கும் பயம் குரலைப் பற்றியது அல்ல, தாளைப் பற்றியது. தப்பான தாள் கைக்கு வரும்போது ‘இதைப் படிக்க மாட்டேன்’ என்று அந்தக் குரல் சொல்லுமா? அப்படிச் சொல்லும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்க நாம் தயாரா?

அதற்காக இயந்திரம் தன் இஷ்டத்துக்கு ஆடினால் சரி என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சி வந்த சிட்டி காதல் என்ற பேரில் என்ன பாடு படுத்தினான் என்று பார்த்தோம். போரா பொருத்திய சிவப்புச் சில்லுக்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். பொருத்திய போராவையே அவன் விட்டுவைக்கவில்லை. யார் சொன்னாலும் கேட்பதும் ஆபத்து, யார் சொன்னாலும் கேளாததும் ஆபத்து. எந்தச் சொல்லைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதற்குத்தான் நம் பெரியவர்கள் மனசாட்சி என்று பேர் வைத்தார்கள். அது சில்லில் வருமா என்பதை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்ளட்டும். நம் பிள்ளைகளிடம் வருகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

அன்று மாலை, கிளம்பும் முன் அக்கா மகனைக் கூப்பிட்டேன். “மத்தியானம் கேட்டியே, சிட்டி ஏன் ஃபெயில் ஆனான்னு. சொன்னதச் செஞ்சதால இல்லடா. ‘ஏன் குத்தணும்?’னு ஒரு வார்த்த கேட்கல பாரு, அதனாலதான்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் கேட்டான். “அப்போ நாளைக்கு டீச்சர் ஹோம்வொர்க் குடுத்தா, ஏன்னு கேட்கலாமா சித்தி?”

அக்கா சமையலறையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“கேளு” என்றேன். “கேட்டுட்டு, செய்.”